ஆறு பேருக்கு ஒரு லாகின்

அந்த மருத்துவமனையின் பழைய டேட்டாபேஸை முதன்முதலாகத் திறந்தபோது எல்லாருடைய பாஸ்வேர்டும் அப்படியே கண்ணில் பட்டது. எந்த மறைப்பும் இல்லை. பிள்ளைகளின் பெயர்கள், சாமி பெயர்கள், பைக் நம்பர்கள். ஒருவர் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணி அதையே வைத்திருந்தார். நான் பக்கத்து நாற்காலிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில், ஐ.டி. பார்க்கின் மதிலுக்கு வெளியே, ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை. பார்க்குக்குள் இடம் கிடைக்காத கம்பெனி, பார்க்குக்குள் வேலை கிடைக்காத நாங்கள். ஆனால் அடுத்தவன் எழுதிய பழைய புரோகிராமைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பதில் உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை.

மருத்துவமனை நகரத்துக்குள், பழவங்காடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் யாரோ ஒருவர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். பத்து வருடத்துக்கு மேலாக அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பில் போடுவது, மருந்துக் கடை, லேப் எல்லாம் அதில்தான். இனி டாக்டர்கள் தங்கள் அறையில் இருந்தபடியே பிரவுசரில் லேப் ரிசல்ட் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்பட்டது. அப்படித்தான் வேலை எங்களுக்கு வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பழையதைத் தொடக் கூடாது. பில்லும் மருந்துக் கடையும் பழைய புரோகிராமிலேயே இருக்கும். லேப் மட்டும் நாங்கள் எழுதுகிற வெப் புரோகிராமுக்கு வரும். டேட்டாபேஸ் இரண்டுக்கும் ஒன்றுதான், லாகினும் ஒன்றுதான்.

நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க், அதாவது புரோகிராம் எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகம், லாகின் விஷயத்தில் தனக்கென ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தது. ஒரு லாகின் என்றால் ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, மின்னஞ்சல் உண்டு, யாராலும் படிக்க முடியாதபடி மாற்றி வைத்த பாஸ்வேர்டு உண்டு, கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்ற குறிப்பு உண்டு. பழைய புரோகிராமின் டேபிளில், அதாவது லாகின் பட்டியலில், ஆளே கிடையாது. ஆறெழுத்து வரை ஒரு குறியீடு, ஒரு பாஸ்வேர்டு, அதிகாரத்தைக் காட்ட ஒரு எண், அவ்வளவுதான். குறியீடும் மனிதருக்குக் கொடுத்தது இல்லை, மேஜைக்குக் கொடுத்தது. பில் ஒன்று, பில் இரண்டு, மருந்து ஒன்று, லேப் ஒன்று, லேப் இரண்டு.

இரண்டையும் பொருத்துவதற்கு ஃபிரேம்வொர்க்கே ஒரு வாசல் திறந்து வைத்திருந்தது. யாராவது லாகின் செய்ய வந்தால், உன் டேபிளைப் பார்க்காமல் நான் சொல்கிற பழைய டேபிளைப் பார், அங்கே பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உன் பக்கம் ஒரு ஆளை உண்டாக்கி உள்ளே விடு என்று எழுதிவிடலாம். நாற்பது வரி. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. முதல் நாள் சோதனையில் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. பழைய டேட்டாபேஸ், ஆறெழுத்து இடத்தில் நான்கெழுத்தை வைத்தால் மிச்ச இரண்டு இடத்தையும் வெற்றிடத்தால் நிரப்பி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு வெற்றிடங்களுக்காக ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு கண்டுபிடித்து வெட்டிவிட்டேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்த கதையைப் பல வருடம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தப்பை அப்படிக் கதையாக யாரிடமும் சொன்னதில்லை.

அது பெயரில் வந்தது. உள்ளே வந்ததும் திரையின் வலது மூலையில் 'வணக்கம்' என்று போட்டு ஆளின் பெயர் வரும். பழைய டேபிளில் பெயர் இல்லாததால் அங்கே 'வணக்கம்' மட்டும் மொட்டையாக நின்றது. பின்னாளில் யாராவது கேட்டால் ஃபிரேம்வொர்க் பெயர் கேட்டது, அதனால் கொடுத்தேன் என்று சொல்லத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன். அது பொய். பெயரைக் காலியாக விட ஃபிரேம்வொர்க் அனுமதிக்கத்தான் செய்தது. எனக்குத்தான் அது அசிங்கமாகத் தெரிந்தது. எங்கள் டீம் லீட் திருச்சூர்க்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் திரையைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்தால் டெமோவில் பார்க்க நன்றாக இருக்காது, மருத்துவமனைக்குப் போய் எந்தக் குறியீடு யாருடையது என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார்.

அப்படித்தான் லேபுக்குப் போனேன். தரைத்தளத்தின் பின்பக்கம், ரத்தம் எடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே, ஒரு நீள மேஜை. அதன் ஓரத்தில் லேப் இரண்டு கம்ப்யூட்டர். அங்கே ஆறு பெண்கள் முறை வைத்து வேலை செய்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். என் மலையாளத்தைக் கேட்ட இரண்டாவது நிமிடமே அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி தமிழா?"

"ஆமாக்கா. நாகர்கோயில் பக்கம்."

"நான் பாறசாலையாக்கும். இங்கே வந்து பதினேழு வருசமாச்சு. வீட்டிலே செபத்துக்கு மட்டும்தான் இப்பம் தமிழு."

லேப் இரண்டு யாருடைய லாகின் என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே. காலையிலே யாரு முதல்ல வாறாளோ அவ பாஸ்வேர்டு அடிப்பா. பின்னே சாயங்காலம் வரை அப்படியே கெடக்கும். இடையிலே ஆளு மாத்தப் போனா மிஷின் திரும்பி வர நாலு மினிட்டு ஆகும். அதுக்குள்ளே ஜன்னல்லே நிக்கிற ஆளு சத்தம் போட மாட்டானா?"

அது உண்மைதான். பழைய புரோகிராமில் வெளியே போய் மறுபடி உள்ளே வருவது அத்தனை மெதுவாக நடந்தது. ஆறு பேரில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் வந்து ரிசல்ட்டை அடித்துவிட்டுப் போவார். டேட்டாபேஸில் எல்லாம் லேப் இரண்டு என்று பதிவாகும். அவர்களுக்குள் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. வேலை நடந்தால் போதும், யார் கை என்று யார் பார்க்கிறார்கள்?

யாராவது ஒருவர் பெயர் வேண்டும் என்றேன். மற்ற ஐந்து பேரும் ஒரே குரலில் சேச்சியைக் காட்டினார்கள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "செரி, எம் பேரே போடு. ரேசன் கார்டுன்னா யாராவது ஒரு ஆளு பேரு மேலே வேணும்லா? அதுபோலே இருக்கட்டு."

நான் எழுதிக்கொண்டேன். வேலை எளிதாக முடிந்ததில் மகிழ்ச்சியாக இருந்தது. அவர்களே கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரிசல்ட் பக்கத்தின் அடியில் 'பதிவு செய்தவர்' என்று ஒரு இடம் இருந்தது. பழைய பிரிண்டில் அங்கே லேப் இரண்டு என்றுதான் வரும். புதிய புரோகிராமில் அந்த இடத்தில் முழுப் பெயரைக் கொண்டுவந்தேன். யாரும் கேட்கவில்லை. குறியீட்டிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து பெயருக்கும் ஒரே தாவலில் போய்விடலாம், அத்தனை சுலபம். ஒரு வரியில் முடிந்த காரியத்தால், பத்து வருடமாக ஆறு பேர் செய்த வேலை ஒரே மத்தியானத்தில் அந்த அக்காவின் பெயருக்கு மாறியது. புதிய புரோகிராம் தொடங்கிய பிறகு ஆளுக்கொரு லாகின் கொடுத்தோம் என்பது வேறு விஷயம். பழைய பதிவுகளுக்குப் பெயர் காட்டாதே, குறியீட்டை மட்டும் காட்டு என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியவை பட்டியலில் எழுதியும் வைத்தேன். சேட்டன் அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாம் கட்டம் என்று ஒன்று வரவே இல்லை. அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியிலும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தொடங்கிய நாளன்று சேட்டன் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். டெமோ நன்றாக நடந்தது. லேப் அக்கா எட்டிப் பார்த்து, பழைய ரிசல்ட் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அடியில் தன் பெயரைப் பார்த்தார்.

"பதினேழு வருசத்திலே சம்பளப் பேப்பரைத் தவிர எம் பேரு இங்கே எழுத்திலே வாறது இப்பமாக்கும்," என்று சொல்லி மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் படித்தது ஏதோ ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு. பிற்பாடு வந்த விதிகளின்படி அது செல்லாது. புதிதாக எந்த லேபும் அவரை எடுத்துக்கொள்ளாது. பழைய ஆள் என்பதால் இந்த மருத்துவமனை வைத்திருந்தது. கணவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன, மகள் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை. இதை அவரே ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னார்.

ஒரு வருடம் கழிந்து அந்தப் புகார் வந்தது.

பாலராமபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்று வருடத்துக்கு முன்பு தலைப்பிரசவத்துக்கு அந்த மருத்துவமனைக்கு வந்திருந்தாள். அவளுடைய ரத்தம் நெகட்டிவ் வகை. ரிசல்ட்டில் பாசிட்டிவ் என்று பதிவாகியிருந்தது. தாய்க்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் பிரசவம் முடிந்ததும் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பே எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடும் என்று ஒரு டாக்டர் எனக்குப் பிற்பாடு விளக்கினார். ஊசி போடப்படவில்லை. இரண்டாவது பிள்ளையை வேறு ஆஸ்பத்திரியில் பெற்றாள். அங்கேயும் இந்த மருத்துவமனை கொடுத்த பழைய அட்டையில் இருந்ததைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள். பிள்ளை உடம்பெல்லாம் மஞ்சளாகப் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அப்போதுதான் தாயின் ரத்தத்தை மறுபடி பார்த்திருக்கிறார்கள். அவள் புருஷன் பழைய ரிசல்ட்டின் நகலைக் கேட்டு மருத்துவமனைக்கு வந்தான்.

நகலைப் புதிய புரோகிராமிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அடியில் 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் அந்த அக்காவின் பெயர் இருந்தது. தேதி, நேரம் எல்லாம் இருந்தது.

எனக்கு இது தெரிந்தது சேட்டனோடு மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி அறையில் உட்கார்ந்த பிறகுதான். திரையில் தெரிவது டேட்டாபேஸில் உள்ளதே, யாரும் எதையும் மாற்றவில்லை என்று எங்கள் கம்பெனி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. சேட்டன் கடிதத்தை ஏற்கெனவே அடித்துக் கொண்டுவந்திருந்தார். புரோகிராம் எழுதியவன் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். மேஜைமேல் அந்தப் பிரிண்ட் கிடந்தது. அடியில் இருந்த பெயரைப் படித்தேன்.

நான் சொல்லாமல் இல்லை. அந்த லாகின் ஆறு பேருக்குப் பொதுவானது, பெயர் நாங்களாகப் போட்டது என்று சொன்னேன். அதிகாரி அமைதியாகக் கேட்டுக்கொண்டார். கோபப்படவே இல்லை.

"பின்னே ஆரா?" என்றார். அப்படியானால் யார், சொல் என்று.

அது தெரியாது என்றேன். லேபில் கையால் எழுதிய நோட்டுகள் இருக்குமே என்று கேட்டேன். லேப் புதிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று, எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றார். அன்றைய டூட்டி லிஸ்ட் மட்டும் இருந்தது. அன்று காலையில் மூன்று பேர் வேலையில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் அந்த அக்காவும் ஒருவர். மற்ற இருவரையும் விசாரித்தபோது ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு காலை வேளையில் எத்தனையோ ரிசல்ட் அடிக்கிறவர்களுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் அடித்த ஒன்று எப்படி ஞாபகம் இருக்கும்?

"உங்கள் சிஸ்டம் ஒரு பெயர் சொல்கிறது. நீ தெரியாது என்கிறாய். நான் எதை எடுத்துக்கொள்வது?" என்று மலையாளத்தில் கேட்டார் அதிகாரி. நான் மறுபடி வாயைத் திறந்தபோது சேட்டன் மேஜைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். "மிண்டாதிரி," என்றார், உதடு அசையாமல். சும்மா இரு என்று அர்த்தம். அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தம் அந்த அதிகாரியின் மேஜையில்தான் இருந்தது.

கடிதத்தை மறுபடி படித்தேன். 'டேட்டாபேஸில் உள்ள பதிவுகள் எவையும் திருத்தப்படவில்லை.' வரிக்கு வரி பார்த்தால் அதில் பொய் இல்லை. டேட்டாபேஸில் லேப் இரண்டு என்றுதான் இருந்தது, அதை யாரும் திருத்தவில்லை. பெயர் இருந்தது நான் எழுதிய வேறொரு டேபிளில். இப்படி ஒரு சந்து கண்டுபிடித்து அதற்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டேன். பயந்துபோய்ப் போட்டேன் என்பதுதான் உண்மை. அப்போது எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, வேறு வேலையும் கையில் இல்லை. இதெல்லாம் காரணங்கள்தான். அக்காவுக்கும் காரணங்கள் இருந்தன, அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். போலீஸ், வழக்கு என்றெல்லாம் போகவில்லை. மருத்துவமனை அந்தக் குடும்பத்தோடு ஏதோ பேசி முடித்துக்கொண்டது. தவறு செய்த ஊழியரை நீக்கிவிட்டோம் என்று ஒரு கடிதம் கொடுத்தது அந்தப் பேச்சில் ஒரு பகுதி. மற்ற ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கிறது? அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால் பின்பக்கம் போகாமல் சர்வர் அறையோடு திரும்பி வந்துவிடுவேன்.

பழைய பதிவுகளுக்குக் குறியீட்டை மட்டும் காட்டும்படி மாற்றினேன். யாரும் சொல்லாமலே செய்தேன். முன்பு நேரமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை. ஒரு வரிதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால், எனக்காகத்தான்.

நான்கைந்து மாதம் இப்படி ஓடியது. பிறகு சேட்டனிடம் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். அந்த லாகின் ஆறு பேர் பயன்படுத்தியது, பெயர் நான் போட்டது, குறிப்பிட்ட ரிசல்ட்டை யார் பதிவு செய்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை வைத்து அந்த அக்கா வக்கீல் யாரையாவது பார்க்கலாம், வேலையாவது திரும்பக் கிடைக்கலாம் என்று நினைத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு வீராப்பும் அப்போது வந்திருந்தது. தாமதமாக வரும் வீராப்புக்கு என்ன விலை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் கரமனையில், ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். சர்ச்சிலிருந்து வந்த புடவையிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வா தம்பி. உனக்குக் கல்யாணம்னு கேட்டேன். உள்ளதா?"

ஆமாம் என்றேன். பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒரு வீட்டில் வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம், பகல் முழுக்க. மகள் படிப்பு நிற்கவில்லை என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் டம்ளரைத் திருகிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"முதல்ல நான் இல்லேன்னுதான் சொன்னேன், கேட்டியா? எனக்கு ஓர்மையே இல்லே, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல்லே. பின்னே அந்தப் பேப்பரைக் காட்டினாங்க. எம் பேரு இருக்கு, தேதி இருக்கு, பத்து நாப்பதுன்னு மணி வரை இருக்கு. கம்ப்யூட்டருக்கு என்மேலே என்ன கோவம், பொய்யி சொல்ல? வீட்டிலே வந்து இருந்து யோசிச்சேன். செபம் பண்ணிப் பண்ணி யோசிச்சேன். மெதுவா எல்லாம் ஓர்மை வந்துச்சு."

"என்ன ஓர்மை வந்துச்சுக்கா?"

"அந்தப் பெண்ணுதான். மஞ்ச சுரிதார் போட்டிருந்தா. வயிறு பெருசா இருந்துச்சு, நிக்க முடியாம ஜன்னல்லே சாஞ்சு நின்னா. நான்தான் அடிச்சேன். நெகட்டிவுன்னு நோட்டிலே எழுதியிருந்ததைப் பாத்துக்கிட்டே பாசிட்டிவுன்னு அடிச்சிருக்கேன். அடுத்த ஆளு கூப்பிட்டிருப்பா, அந்த அவசரத்திலே. இப்பம் கண்ணை அடைச்சா அந்தக் கை தெரியுது, எங் கை."

அவர் தொடர்ந்து சொன்னார்.

"மறைச்சு வைக்கப்பிடாதுன்னு தோணுச்சு. போன மாசம் பாலராமபுரத்துக்குப் போனேன், அவ வீட்டுக்கு. நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்லிக் காலைப் பிடிச்சேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. பின்னே கதவை அடைச்சா. செரிதானே, அவ வேறே என்ன செய்வா?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிதானம் இருந்தது. எப்படியோ அதை ஏற்றுக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டவரின் நிதானம். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, நானும் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வந்தவன்.

சொன்னேன். லேப் இரண்டு என்பதற்கு அவர் பெயரைப் போட்டது நான் என்று சொன்னேன். பத்து வருடத்தில் யார் எதை அடித்திருந்தாலும் அவர் பெயர்தான் வரும் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. கையிலிருந்த கடிதத்தின் பின்பக்கம் ஆறு கோடு போட்டு, ஆறும் ஒரு பெயரில் போய் முடிவதாக வரைந்து காட்டினேன். அதிகாரி அறையில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கரமனைப் பாலத்தில் போகிற பஸ்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அப்போ பத்து நாப்பதுக்கு அடிச்சது யாரு?"

"தெரியாதுக்கா."

"அப்போ அந்த மஞ்ச சுரிதார்?"

கோடுகளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நான் இல்லியா தம்பி? அந்தப் பிள்ளை செத்தது என்னாலே இல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை பிற்பாடு மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் டூட்டி லிஸ்டில் மூன்று பெயர் இருந்தது, அதில் ஒன்று அவருடையது.

"தெரியாதுக்கா. அது எங்கேயும் எழுதியில்லே. நீங்களாயிட்டும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

அவர் கடிதத்தைத் திருப்பி, டைப் அடித்த பக்கத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம் சிரமம். கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்து படித்தார்.

"இதிலே நான் இல்லேன்னு இருக்கா?"

"இல்லே. யாருன்னு சொல்ல முடியாதுன்னு இருக்கு. இதைக் காட்டினா வேலை ஒருவேளை..."

"பின்னே இதை வச்சு நான் என்ன செய்ய தம்பி?"

அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.